டெஸ்டர் கூடினால் பக் குறையுமா?

கேள்வி: திருப்பூரில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். எட்டு டெவலப்பர், இரண்டு டெஸ்டர். ஆறு வாரத்துக்கு ஒரு ரிலீஸ். கடைசி வாரம் முழுக்க டெஸ்டிங். அப்படியும் பக் (சாஃப்ட்வேர் பிழை) கடைக்காரர் கையில்தான் சிக்குகிறது. ஒரு கன்சல்டன்சி, மூன்று டெஸ்டர்களை அனுப்பி 90 சதவீத கவரேஜோடு ஆட்டோமேஷன் (தானாக ஓடும் டெஸ்ட் ஸ்கிரிப்ட்) செய்து தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தம் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் சிக்கல் ஆள் பற்றாக்குறை அல்ல, டெஸ்டிங் நடக்கும் நேரம். எட்டுப் பேர், ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 200 ஆள்நாள் வேலை. அதைச் சோதிக்க இருவருக்குக் கிடைப்பது 10 ஆள்நாள். திங்களன்று கண்ட பக்கைச் சரிசெய்து புதனன்று புது பில்டு (சோதிக்கத் தரும் பதிப்பு) வந்தால், முதலில் பார்த்ததையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். வியாழன் சாயங்காலம் 'பெரிய பிரச்சினை ஏதும் இல்லையே?' என்று கேட்பீர்கள். 'இல்லை சார்' என்பார்கள். வேறென்ன சொல்ல முடியும்? இன்னும் மூன்று பேர் வந்தால் 10 நாள் 25 ஆகும், அவ்வளவுதான்.

முதலில், கடைசி மூன்று மாதத்தில் கடைகளிலிருந்து வந்த பக்குகளை ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றையும் எந்தக் கட்டத்தில் பிடித்திருக்கலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். இந்த வகை சாஃப்ட்வேரில் வரி, தள்ளுபடி, ரிட்டர்ன் மூன்றிலும்தான் பெரும்பாலும் குவியும். ஸ்கிரீனைத் தொடாமல், யூனிட் டெஸ்டில் (கோடின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிப்பது) சில வினாடிகளில் பிடிபடுகிறவை இவை. எழுத வேண்டியவர் டெவலப்பர். டெஸ்ட் இல்லாத கோடைப் பொதுக் கோடோடு சேர்க்க (மெர்ஜ் செய்ய) விடாதீர்கள். ரிலீஸை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, என்ன செய்யப்போகிறோம் என்று பேசும் முதல் கூட்டத்திலேயே டெஸ்டர்களை உட்கார வையுங்கள்.

இனி அந்த 90 சதவீதம். கவரேஜ் என்பது டெஸ்ட் ஓடும்போது கோடின் எத்தனை வரிகள் ஓடின என்ற கணக்கு. விடை சரியா என்று அது பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 20 அன்று 1,500 ரூபாய்க்குச் சட்டை விற்கிறீர்கள். 12 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,680. செப்டம்பர் 22 முதல் அந்த விலைக்கு வரி 5 சதவீதம். 25ஆம் தேதி சட்டை திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (ரிட்டர்னுக்குக் கடை தரும் பற்றுச் சீட்டு) பழைய விகிதத்தில், 1,680க்கே போக வேண்டும். கோடு அன்றைய தேதியை வைத்து விகிதத்தை எடுத்தால் 1,575தான் வரும். வாடிக்கையாளருக்கு 105 ரூபாய் குறையும். விற்ற அன்றே திருப்புவதாக மட்டும் ஒரு டெஸ்ட் இருந்தால் கோடின் அதே வரிகள் ஓடிவிடும், கவரேஜ் 100 காட்டும், பக் அப்படியே இருக்கும். விடையையே ஒப்பிடாத ஸ்கிரிப்ட்டும் கவரேஜைக் கூட்டும். எண்ணிக்கைக்குப் பணம் வாங்குகிறவர்கள் எழுதிக் குவிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

டெஸ்டரின் அப்ரைசலையும் பக் எண்ணிக்கையில் வைக்காதீர்கள். எழுத்துப்பிழைகள் பத்துப் பதிவாகும், கிரெடிட் நோட்டை யாரும் தொட மாட்டார்கள். இந்த எண்ணிக்கைப் பைத்தியம் வாடிக்கையாளர் பக்கமும் உண்டு: யுஏடி (வாங்குகிறவர் தாமே சோதித்து ஏற்கும் கட்டம்) கையெழுத்துக்குத் தேதி குறித்திருப்பார்கள், கையெழுத்தும் விழும், சாஃப்ட்வேரை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

டெஸ்ட் சிவப்பானால், அதாவது ஃபெயில் ஆனால், ரிலீஸ் நிற்க வேண்டும். 'அது அப்படித்தான் சில நேரம் ஃபெயில் ஆகும், திரும்ப ஓட்டு' என்ற பேச்சு வந்துவிட்டால் அந்த டெஸ்ட்டுக்கு மதிப்பில்லை. இதற்கு ஒரே விலக்கு, உங்கள் கையில் இல்லாத சர்வரைத் தொடும் டெஸ்ட். ஜிஎஸ்டி பில்லைப் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் சோதனைத் தளம் பதில் தராமல் போனால் அது உங்கள் கோடின் குற்றமல்ல. அதற்காக அந்த டெஸ்ட்டை அழித்துவிடவும் கூடாது. தளம் தந்த சரியான பதில் ஒன்றையும், பிழைப் பதில் ஒன்றையும் சேமித்து, அவற்றை வைத்து ஓடும் டெஸ்ட்டை ரிலீஸைத் தடுக்கும் வரிசையில் வையுங்கள். நிஜத் தளத்தைத் தொடுவதைத் தனி வரிசையாக்கித் தினமும் காலையில் ஓட்டுங்கள். அது சிவப்பானால் ரிலீஸ் நிற்க வேண்டாம். ஆனால் தளம் படுத்ததா, பதிலின் வடிவம் மாறியதா என்று ஒருவர் அன்றே பார்த்தாக வேண்டும். வடிவம் மாறியிருந்தால் சேமித்த பதிலையும் மாற்றுங்கள். இதை விட்டால் டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும், கடையில் பில் போகாது.

இதற்குப் பிறகும் வெளியாள் தேவைப்பட்டால், நேர்காணலில் பார்த்த ஆளே வேலைக்கு வருவார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். ஸ்கிரிப்ட் எல்லாம் செலினியம், பிளேரைட் போன்ற திறந்த கருவியில், உங்கள் கிட்டில் (Git, கோடைச் சேமிக்கும் இடம்), முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அவர்களுடைய சொந்தக் கருவி என்றால் லைசென்ஸ் முடியும் அன்று உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. பணம் கொடுக்குமுன் கோடின் நகல் ஒன்றில் நீங்களே ஐந்து தவறுகளை வையுங்கள்: ஒரு கூட்டலைக் கழித்தலாக்குங்கள், ஒரு தேதியைத் தள்ளுங்கள், ரவுண்டிங்கை எடுத்துவிடுங்கள், அந்த மாதிரி. சொல்லாமல் அதன்மேல் அவர்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். ஐந்தும் பிடிபட்டால் முழுத் தொகை. இரண்டோ மூன்றோ என்றால் மீதிக்கு ஸ்கிரிப்ட் எழுதித் தந்த பிறகு. இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்து வேண்டாம்.