விட்டவுதாஸுக்கு ஒரு மகன் இருந்திருந்தால்: லித்துவேனிய அரசுரிமை பற்றிய கேள்வி பதில்

லித்துவேனியாவின் இடைக்கால அரசுரிமை வேறு கிளைக்குப் போயிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகள் இவை.

கேள்வி: லித்துவேனியாவை ஆண்ட பெருங்கோமகன் விட்டவுதாஸ் திட்டமிட்டபடி 1430-இல் மன்னராக முடிசூடியிருந்தால், லித்துவேனியா போலந்திடமிருந்து பிரிந்து தனியரசாக நிலைத்திருக்கும் அல்லவா?

பதில்: பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1429-இல் லூட்ஸ்க் நகரில் கூடிய மாநாட்டில், ஜெர்மானிய மன்னர் சிகிஸ்முண்ட் விட்டவுதாஸுக்கு அரச மகுடம் அளிக்கும் யோசனையை முன்வைத்தார். லித்துவேனியாவின் மீது அவருக்கிருந்த அன்பு அதற்குக் காரணமன்று. போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றாக நிற்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. போலந்துப் பிரபுக்கள், குறிப்பாக கிராக்கோவின் ஆயர் ஒலெஷ்னிட்ஸ்கி, கடுமையாக எதிர்த்தார்கள். 1430 செப்டம்பர் 8 அன்று முடிசூட்டு விழா என்று நாள் குறிக்கப்பட்டது. ஆனால் சிகிஸ்முண்டின் தூதர்கள் போலந்தைக் கடந்து வர இயலாமல் தடுக்கப்பட்டனர். அக்டோபர் 27 அன்று ஏறத்தாழ எண்பது வயதில் விட்டவுதாஸ் டிராக்காயில் இறந்தார்.

ஆக, மகுடம் உரிய நாளில் வந்திருந்தாலும் அவர் அதை ஏழு வாரங்களே அணிந்திருப்பார். அவருக்கு மகன் இல்லை. போலந்தும் லித்துவேனியாவும் 1413-இல் செய்துகொண்ட ஹொரோட்லோ ஒப்பந்தப்படி, அவருக்குப் பின் வருபவரைப் போலந்து மன்னரையும் அங்குள்ள பிரபுக்களையும் கலந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உண்மையில் அந்த ஒப்பந்தத்தை மீறி, போலந்து மன்னரும் விட்டவுதாஸின் பெரியப்பா மகனுமான யோகைலாவின் தம்பி ஷ்விட்ரிகைலா தேர்ந்தெடுக்கப்பட்டார். 1432-இல் விட்டவுதாஸின் தம்பி சிகிஸ்மண்டாஸ் அவரைக் கவிழ்த்தார். 1435 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. மகுடம் இருந்திருந்தால் இதே போர் இன்னும் உயர்ந்த பரிசுக்காக நடந்திருக்கும், அவ்வளவுதான். மகுடத்தின் பயனை மெய்யாகவே பெற்றிருக்கக்கூடியவர் சிகிஸ்மண்டாஸ், ஏனெனில் அவருக்கு மிகோலாஸ் என்றொரு மகன் இருந்தான். ஆனால் 1440-இல் அவரை அவருடைய பிரபுக்களே கொன்றுவிட்டனர். தன் பிரபுக்களையே பகைத்துக்கொண்ட ஒருவரை மகுடம் மட்டும் காப்பாற்றியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: நான் வரலாறு படிக்கும் மாணவி. மூத்த மகனுக்கே அரசு என்ற முறை லித்துவேனியாவில் இல்லையா, ஐயா?

பதில்: இல்லை, அம்மா. 1341-இல் பெருங்கோமகன் கெடிமினாஸ் இறந்தபோது அவருக்கு ஏழு மகன்கள் இருந்தனர்; தலைநகர் வில்னியஸ் மூத்தவருக்குப் போகாமல், இளையவர்களில் ஒருவரான யவுனுடிஸுக்குச் சென்றது. 1345-இல் அவருடைய சகோதரர்களான அல்கிர்தாஸும் (யோகைலாவின் தந்தை) கெஸ்டூடிஸும் (விட்டவுதாஸின் தந்தை) சேர்ந்து அவரை இறக்கினர். அதன்பின் அல்கிர்தாஸ் வில்னியஸிலிருந்து கிழக்கு நிலங்களையும், கெஸ்டூடிஸ் டிராக்காயிலிருந்து, சிலுவைப்போர் நடத்திவந்த ஜெர்மானிய டியூட்டானிக் வீரத்துறவிகளின் சபைக்கு எதிரான மேற்கு எல்லையையும் பார்த்துக்கொண்டு, 1377-இல் அல்கிர்தாஸ் இறக்கும் வரை ஒற்றுமையாகவே ஆண்டனர். ஐரோப்பிய இடைக்காலத்தில் இது அரிதான ஒன்று. ஆனால் அந்த ஏற்பாடு இரண்டு சகோதரர்களின் நம்பிக்கையில் நின்றது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை.

கேள்வி: அப்படியானால் உங்கள் பார்வையில் உண்மையான திருப்புமுனை எது?

பதில்: 1381. அல்கிர்தாஸின் இடத்துக்கு வந்தவர், இரண்டாம் மனைவி உலியானாவின் மகன் யோகைலா. முதல் மனைவியின் மூத்த மகனான போலோட்ஸ்க் ஆந்த்ரேய் அதை ஏற்கவில்லை. கெஸ்டூடிஸ் தொடக்கத்தில் அண்ணன் மகனை ஆதரித்தார்; ஆனால் 1380-இல் யோகைலா தமக்குத் தெரியாமல் சபையுடன் டோவிடிஷ்கேஸ் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டதை அறிந்ததும், மறு ஆண்டே வில்னியஸைக் கைப்பற்றினார். கையில் சிக்கிய யோகைலாவை அவர் கொல்லவோ நெடுங்காலம் அடைத்துவைக்கவோ இல்லை. க்ரேவாவையும் வீட்டெப்ஸ்கையும் கொடுத்து அனுப்பிவிட்டார். 1382-இல் யோகைலா திரும்பி வந்து வில்னியஸைப் பிடித்து, பேச்சுவார்த்தைக்கு வந்த கெஸ்டூடிஸையும் விட்டவுதாஸையும் சிறைசெய்தார். கெஸ்டூடிஸ் க்ரேவா கோட்டையில் இறந்தார். விட்டவுதாஸ் பெண் வேடமிட்டுத் தப்பினார் என்பது மரபான செய்தி.

கெஸ்டூடிஸ் அந்தப் பெருந்தன்மையைக் காட்டாதிருந்தால், 1382-க்குப் பின் ஆட்சி முப்பது வயதையொட்டிய விட்டவுதாஸிடம் வந்திருக்கும். 1385-இல் க்ரேவாவில், போலந்தின் அரசியை மணந்து, கத்தோலிக்கராகி, லித்துவேனியாவைப் போலந்துடன் இணைப்பதாக வாக்குறுதி தர யோகைலா இருந்திருக்க மாட்டார். போலந்தின் இளம் அரசி யாட்விகா, ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டிருந்த ஆஸ்திரிய வில்லியமையோ மசோவியக் கோமகன் ஒருவரையோ மணந்திருக்கக் கூடும். 1410-இல் க்ரூன்வால்டில் சபையை முறியடித்தது இரு நாட்டுப் படைகளின் கூட்டு. அந்தக் கூட்டு இல்லாமல் விட்டவுதாஸ் சபையைத் தனியே எதிர்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அவர் தோற்றிருப்பார் என்பது என் துணிபு. உண்மை வரலாற்றிலேயே, கிழக்கில் கை ஓங்குவதற்காக, 1398-இல் லித்துவேனியாவின் மேற்குப் பகுதியான சமோகிட்டியாவைச் சபைக்கு விட்டுக்கொடுத்தவர் அவர்.

கேள்வி: போலந்துக்குப் பதிலாக மாஸ்கோவுடன் மணவுறவு கொண்டு, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத்தை ஏற்றிருந்தால்?

பதில்: அது வெறும் கற்பனையன்று. 1384-ஐ ஒட்டி, மாஸ்கோவை ஆண்ட டிமித்ரி டோன்ஸ்காயின் மகளை யோகைலா மணந்து ஆர்த்தடாக்ஸ் திருமுழுக்குப் பெறுவது குறித்துப் பேச்சு நடந்திருக்கிறது. அவருடைய தாய் உலியானா ட்வேர் இளவரசி; குடிமக்களில் பெரும்பகுதியினர் ருத்தேனியர் எனப்பட்ட கிழக்கு ஸ்லாவிய ஆர்த்தடாக்ஸ் மக்கள். எனினும் சபை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களைப் பிளவுவாதிகளாகவே கருதியது. ஆகவே, அதுவரை கிறித்தவம் ஏற்காதிருந்த லித்துவேனியாவின் மீதான சிலுவைப்போருக்குச் சபை சொன்ன சாக்கு அப்படியே இருந்திருக்கும். கத்தோலிக்கத் திருமுழுக்கு மட்டுமே அந்தச் சாக்கைப் பலவீனப்படுத்தியது.

கேள்வி: விட்டவுதாஸின் மகள் சோஃபியா மாஸ்கோ அரசியல்லவா? சோஃபியாவின் மகன் வழியாக, அதாவது விட்டவுதாஸின் பேரனுக்கு, லித்துவேனியா போயிருக்கலாமே?

பதில்: வாய்ப்பில்லை. ஹொரோட்லோவுக்குப் பின் உயர் பதவிகள் கத்தோலிக்கர்களுக்கே உரியவையாயின. அவர்கள் அந்தப் பேரனான மாஸ்கோவின் இரண்டாம் வசீலியை ஏற்றிருக்க மாட்டார்கள். மேலும் தாத்தாவின் பாதுகாப்பு போனதும், தம் சிறிய தகப்பனார் யூரியிடம் 1433-இல் மாஸ்கோவையே இழந்தவர் அவர்.

கேள்வி: 1253-இல் லித்துவேனியாவின் மன்னராக முடிசூடிய மிண்டவுகாஸின் வம்சம் நிலைத்திருந்தால்?

பதில்: 1263-இல் அவரும் இரண்டு மகன்களும் ஒருசேரக் கொல்லப்பட்டனர். எஞ்சிய மகன் வைஷ்வில்காஸ் துறவு பூண்டவர். அரசைச் சில ஆண்டுகள் தாங்கிவிட்டு, 1267-இல் மைத்துனர் ஷ்வார்னிடம் ஒப்படைத்து மடத்துக்குத் திரும்பினார். போப்பாண்டவர் அனுமதித்த மகுடமே வாரிசின்றி இப்படி மறைந்தது என்பதை 1430-ஐப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தனி லித்துவேனிய வம்சம் உருவாகக் கடைசி வாய்ப்பு எப்போது நழுவியது?

பதில்: 1444-இல், வர்னா போர்க்களத்தில். அதற்கு நான்காண்டுகளுக்கு முன், யோகைலாவின் இளைய மகனான பன்னிரண்டு வயது கசிமீரை அண்ணனின் ஆளுநராகப் போலந்து அனுப்பிவைத்தது. வில்னியஸின் பிரபுக்களோ அவரைப் பெருங்கோமகனாகவே அமர்த்திவிட்டனர். யோகைலாவின் மூத்த மகனான மன்னர் விளாடிஸ்லாவ் வர்னாவில் துருக்கியரிடம் இருபது வயதில் மடியாமல் மணந்து பிள்ளை பெற்றிருந்தால், கிராக்கோவில் ஒரு கிளை, வில்னியஸில் ஒரு கிளை என்று யோகைலாவின் குடும்பமே இரண்டாகியிருக்கும். அதற்கு மகுடம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கசிமீர் 1447-இல் போலந்து மன்னராகவும் முடிசூடினார். அவர் இறந்த 1492-இல் லித்துவேனியா மகன் அலெக்சாண்டருக்கும் போலந்து மற்றொரு மகனுக்கும் பிரிந்தது. போலந்தை ஆண்டவர் 1501-இல் வாரிசின்றி இறந்ததால், இரண்டும் மறுபடி அலெக்சாண்டரின் கைக்கே வந்தன.