பெரிய பாரைக்கு எந்த ராட்?

கேள்வி: செஷல்ஸ் தீவுகளுக்கு ஃபிளை ஃபிஷிங் (செயற்கை ஈயை வீசி மீன் பிடிப்பது) போகிறேன். ஜெயண்ட் ட்ரெவல்லி என்கிற பெரிய பாரைதான் ஆசை. கையில் 8 வெயிட் ராட் (தூண்டில் கோல்; எண் கூடக் கூட கனமான லைனுக்கானது) இருக்கிறது. 12 வாங்கவா, 14 வாங்கவா? – சென்னை வாசகர்

பதில்: 12 வாங்குங்கள். ஒன்பது அடி நீளம், நான்கு துண்டாகக் கழற்றி மாட்டுவது. ஆழத்திலிருந்து சூறை மீனை (டூனா) மேலே கொண்டுவர 14 நல்லது. முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்று வீச அது ஆகாது. ஈயைச் சுமந்து போவது லைன் என்கிற கனத்த நூல். 12 வெயிட் லைனின் முதல் 30 அடி மட்டும் சுமார் 25 கிராம். உங்கள் 8-இல் 14 கிராம்தான். உள்ளங்கை நீள ஈயைக் கடற்காற்றுக்கு எதிரே கொண்டுபோக அந்தக் கனம் வேண்டும்.

கடையில் ராடைச் சும்மா ஆட்டிப் பார்த்து வாங்காதீர்கள். லைனைக் கோத்து, முனையை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி இழுங்கள். வளைவு கைப்பிடிப் பக்கம் வரை இறங்கி, அங்கே திடமாக நிற்க வேண்டும். பாரை தூண்டிலில் பட்டதும் பவளப்பாறையை நோக்கித்தான் பாயும். அதைத் தடுப்பது அந்த அடிப்பகுதி.

என் முதல் 12-ஐ உடைத்தது நடுத்தர மீன்தான். படகருகே வந்ததும் ராடைச் செங்குத்தாக நிமிர்த்தினேன். நுனிக்கு ஒரு சாண் கீழே ‘டக்’கென்று போய்விட்டது. எனக்கு இன்னும் வலிக்கிறது. தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் இழுங்கள்.

அப்புறம் ரீல். உப்புத் தண்ணீர் உள்ளே புகாத பிரேக், லைனுக்குப் பின்னால் சுற்றும் மெல்லிய பேக்கிங் நூல் 250 மீட்டராவது பிடிக்கும் அளவு. இதில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.