வராமல் போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

முதுமையில் தசை வலுவிழப்பது பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் செல் உயிரியல் படித்தவன். இத்தனை வருடமும் வயதான எலிகளின் தசைச் செல்களோடுதான் என் பிழைப்பு. இப்போது எங்கள் பல்கலைக்கழகத்தின் முதுமை மற்றும் உடல்நல ஆய்வு மையத்துக்கு இயக்குநராகச் சொல்கிறார்கள். “கையெழுத்துப் போடவும் நிதிக்கு அலையவுமே நேரம் சரியாக இருக்கும், ஆய்வை மறந்துவிடு” என்கிறார்கள் நண்பர்கள். அப்படியொரு மையத்தை நடத்தியவர் நீங்கள். இயக்குநரின் வேலை உண்மையில் என்ன? ஒப்புக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஒப்புக்கொள்ளுங்கள். நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. நிதி விண்ணப்பம், நெறிமுறைக் குழு, இடத்துக்காகத் துறைத்தலைவர்களோடு மல்லுக்கட்டு எல்லாம் உண்டு. நல்ல நிர்வாக அலுவலர் ஒருவர் அமைந்தால் அதில் பாதியை அவரே பார்த்துக்கொள்வார். ஆனால் இயக்குநர் கவனிக்காவிட்டால் வேறு யாருமே கவனிக்காத வேலை ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு வந்துகொண்டிருந்து, பிறகு வராமல் நின்றுவிட்ட முதியவர்களைத் தேடிப் போவது.

2001இல் அமெரிக்க முதுமை மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் அவருடைய குழுவினரும் முதுமைத் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். தானாக எடை குறைவது, சதா சோர்வு, கைப்பிடி வலுக் குறைவு, மெதுவான நடை, உடலியக்கம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் தளர்ச்சி. 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரின் தரவை வைத்துச் செய்த வேலை அது. இப்போது அந்த ஐந்தையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி உங்கள் மையத்துக்கு வந்து சேர முடியாமல் போவதற்கான காரணங்களும் கிட்டத்தட்ட அவையேதான். நாம் யாரை அளக்க நினைக்கிறோமோ அவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் திடமானவர்கள். சராசரி அழகாக வரும், எண்பது வயதுக்காரர்கள் நன்றாகவே இருக்கிறார்கள் என்று வரைபடம் சொல்லும். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்க, முடிவு மட்டும் தப்பாக இருக்கும்.

எங்கள் மையத்தில் ஒரு அம்மாவின் பதிவில் ‘விருப்பமில்லை’ என்று குறித்திருந்தது. களப்பணியாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுவது காதில் விழாது. விருப்பமில்லை என்று சொன்னது போனை எடுத்த மகன். கூட்டிவர அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். பிடிவலு அளக்கும் கருவியை அந்த அம்மாவின் கையில் கொடுத்ததும் முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. “இது கணக்கில்லை, இன்னொரு தடவை தாங்க” என்று கேட்டு வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாராம். அவரையா விருப்பமில்லாதவர் என்று கழித்துவிடுவது?

பெரிய ஆய்வுகளுக்கும் இந்தக் குறை உண்டு. முதுமையியலின் முன்னோடிகளில் ஒருவரான நாதன் ஷாக் தலைமையில் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளக்கும் பால்டிமோர் நீள்கால ஆய்வு அமெரிக்காவில் 1958இல் தொடங்கியது. இன்றுவரை நடக்கிறது, அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அதில் பெண்களைச் சேர்த்தது 1978இல்தான். ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறவர்கள் இருபது ஆண்டுகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வீடு தேடிப் போவதற்குச் செலவாகும். வண்டி, ஆள், ஒருவருக்கே அரைநாள். நிதி குறைக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். ‘அதைத் தொடாதீர்கள், வேண்டுமானால் புதுக் கருவியை அடுத்த ஆண்டு வாங்கலாம்’ என்று சொல்லும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டுமே உண்டு. அந்தப் பதவி அதற்காகத்தான் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், இப்படி ஒரு மையம் தனியாக எதற்கு என்று துறைத்தலைவர்கள் கேட்பார்கள். முதுமை மருத்துவர் மேரி டினெட்டியின் ஆய்வைச் சொல்லுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் செய்து 1994இல் வெளியானது. விழும் அபாயம் உள்ள, 70 வயதைத் தாண்டிய 301 பேர். ஒரு பாதிப் பேருக்கு மருந்துகளைச் சரிசெய்து, உடற்பயிற்சி கொடுத்து, நடக்கும் விதத்தைத் திருத்தினார்கள். ஓராண்டில் அவர்களில் 35 சதவீதம் பேர் விழுந்தார்கள், மற்றவர்களில் 47 சதவீதம். தூக்க மாத்திரை, கால் தசை, படுத்து எழும்போது இறங்கும் ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை விழவைக்கின்றன. இதை எந்த ஒரு துறையின் கையில் கொடுப்பீர்கள்?

உங்கள் எலிகளை வைத்தே யோசியுங்கள். ஒரு எலி பாதியில் செத்தால் எந்த நாள், எதனால் என்று பதிவேட்டில் எழுதாமல் விடமாட்டீர்கள். அந்தப் பழக்கம் உள்ளவர் இந்த நாற்காலிக்கு வருவது நல்லது. பொறுப்பேற்றதும் விலகியவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். காரணம் எழுதிய பத்தியைப் பார்த்து, அது யார் சொன்ன காரணம் என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

ஆய்வகத்தையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் இத்தனை நாள் ஆய்வகத்துக்கு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் நடக்காது.