கிணற்று நீரில் அச்சுச் சவ்வு அட்ரசினைப் பிரித்தறியாதது ஏன்?

கேள்வி: நான் முதுநிலை வேதியியல் மாணவி. மக்காச்சோள வயல்களை ஒட்டிய கிணறுகளில் அட்ரசின் களைக்கொல்லி கலந்திருக்கிறதா என்று அறிய, மெத்தாக்ரிலிக் அமிலத்தைக் கொண்டு மூலக்கூறு அச்சுப் பாலிமர் சவ்வு (அட்ரசினைச் சுற்றிப் பாலிமரை உருவாக்கி, பிறகு அட்ரசினை நீக்கி, அதன் வடிவக் குழிகளை விட்டுவைத்த சவ்வு) தயாரித்தேன். டொலுயீனில் நன்றாகப் பிடிக்கிறது. கிணற்று நீரிலோ, அச்சுப் பதிக்காத ஒப்பீட்டுச் சவ்வும் அதே அளவு பிடிக்கிறது. வெறும் காய்ச்சி வடித்த நீரை விட்டாலும் அட்ரசின் வருகிறது. இதை வீட்டுக் குடிநீர் வடிகட்டியாக மாற்றலாமா?

பதில்: ஒப்பீட்டுச் சவ்வையும் சோதித்ததால்தான் சிக்கல் வெளியே வந்தது. அச்சுக் குழியின் அமிலத் தொகுதிகள் அட்ரசினை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகின்றன. நீரில் அந்த இடங்களை நீர் மூலக்கூறுகளே நிறைத்துவிடும். போதாக்குறைக்கு, கிணற்று நீரின் காரகாடித்தன்மை (pH) 7க்கு மேல் இருந்தால் அமிலத் தொகுதிகளில் பல புரோட்டானை இழந்திருக்கும். நீரில் தங்கப் பிடிக்காத அட்ரசின், குழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாலிமர்ப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் அளந்தது பெரும்பாலும் இந்த ஒட்டுதலைத்தான்.

ஆகவே, பிரித்தறியும் வேலையை நீரில் எதிர்பார்க்காமல் கழுவலுக்குத் தள்ளிப்போடுங்கள். மாதிரி நீரைச் செலுத்தியதும் சவ்வை நைட்ரஜனில் நன்கு உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் பயனில்லை. பிறகு சிறிதளவு டொலுயீன். பரப்பில் ஒட்டியது கழன்றுவிடும், குழிக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு மீண்டும் இறுகும். இரண்டு சவ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கட்டத்தில்தான் தெரிய வேண்டும். கடைசியில் அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தனாலால் பிரித்தெடுங்கள். அச்சுப் பாலிமரைச் சுமக்கும் தாங்குசவ்வு பாலிவினைலிடீன் புளூரைடாக இருப்பது நல்லது. டொலுயீனுக்குப் பதில் டைகுளோரோமீத்தேனை எடுத்தால் பாலிஈதர்சல்ஃபோன் சவ்வு கரைந்தே போகும்.

நீரிலேயே அச்சுப் பதித்தவர்களும் உண்டு. பிலெட்ஸ்கி, உல்பிரிக்ட் குழுவினர் 2000-இல் பாலிபுரொப்பிலீன் சவ்வின்மேல் புற ஊதா ஒளியால் அட்ரசினின் குடும்பத்துக் களைக்கொல்லியான டெஸ்மெட்ரினின் அச்சை ஒட்டவைத்தனர். அங்கே மெத்தாக்ரிலிக் அமிலத்துக்குப் பதில் சல்ஃபோனிக் அமில மோனோமர் (பாலிமரைக் கட்டும் சிறு அலகு). ஆனால் டெஸ்மெட்ரின் அட்ரசினைவிடக் காரத்தன்மை கூடியது. அதே செய்முறை உங்களுக்கும் அப்படியே பலன் தரும் என்று நம்ப வேண்டாம்.

வெறும் நீரில் வருவது, அச்சுக்குப் பயன்படுத்திய அட்ரசினின் மிச்சம். எவ்வளவு கழுவினாலும் துளி கசியும். அட்ரசினுக்குப் பதில், அதே குடும்பக் களைக்கொல்லியான புரொப்பசினை அச்சு மூலக்கூறாக வைத்துச் செய்யுங்கள். அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் குழி அட்ரசினையும் ஏற்கும். கசியும் புரொப்பசின் திரவ நிறப்பகுப்பில் (கலவையின் பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) தனி உச்சமாக விலகி நிற்கும். அதே குடும்பத்துச் சிமசினும் கூடவே மாட்டும். இந்தச் சவ்வுகள் ஒரு குடும்பத்தையே பிடிப்பவை, அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

வடிகட்டி யோசனையை விட்டுவிடுங்கள். வீட்டில் அட்ரசினைக் குறைக்கக் கிளர்வூட்டிய கரியே போதும், விலையும் குறைவு. இந்திய குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அட்ரசினுக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். அவ்வளவு சொற்பத்தை அரை லிட்டர் நீரிலிருந்து ஓரிரு மில்லிலிட்டருக்குள் திரட்டி, கருவி அளக்கும்படி தருவதே உங்கள் சவ்வுக்கு ஏற்ற வேலை.