வேட்டைக் காலத்தில் நாயோடு காட்டுக்குள்: கேள்வி பதில்

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நான் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவன், வீட்டில் நாயும் வளர்க்கிறவன். அதனால் இரண்டு தரப்பையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் (மாநில அரசின் பொது வேட்டை நிலம்) இருக்கிறது. மான் சீசனில் அங்கே நாயோடு நடக்கலாமா? (ஆலன்டவுன்)

தாராளமாக நடக்கலாம். பென்சில்வேனியாவில் இப்படிச் சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பெரும்பகுதி வேட்டை உரிமக் கட்டணத்தில் வாங்கிய நிலம் என்பதால் அங்கே வேட்டைக்குத்தான் முதல் இடம். ஆனாலும் நடக்க வருகிறவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் இல்லை. நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை, வேட்டையாடாதவர்களும் தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அணிய வேண்டும், அல்லது ஆரஞ்சுத் தொப்பியாவது போட வேண்டும். விடியற்காலையும் அந்தி நேரமும் வேண்டாம். மான்கள் நடமாடுவதும் வேட்டைக்காரர்கள் காத்திருப்பதும் அப்போதுதான். உச்சி வெயிலில் போய் வாருங்கள்.

எங்கள் லாப்ரடார் பழுப்பு நிறம். ஆரஞ்சுக் கழுத்துப்பட்டை போதாதா அண்ணா? (எடிசன்)

போதாதும்மா. பட்டை பாதி ரோமத்துக்குள் மறைந்துவிடும். இடுப்பளவு புதரில் உங்கள் நாய் ஓடும்போது தூரத்தில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு பழுப்பு முதுகு மட்டும்தான். நவம்பரில் மானும் அதே பழுப்புதான். முதுகையும் மார்பையும் மூடுகிற ஆரஞ்சு வெஸ்ட் வாங்குங்கள், கழுத்தில் ஒரு மணியும் கட்டுங்கள். லீஷைக் கழற்ற வேண்டாம்.

ஹஸ்கியை ஓநாய் என்று சுட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (சியாட்டில்)

நடந்திருக்கிறது. 2013 நவம்பரில் மொன்டானாவின் லோலோ கணவாய் அருகே, உரிமையாளர் கண் முன்னாலேயே ஒரு மாலமூட் நாயை ஓநாய் என்று நினைத்து ஒருவர் சுட்டார். நாயின் கழுத்தில் விளக்குப் பட்டை எரிந்துகொண்டிருந்தது. 2022-இல் அதே மாநிலத்தில் ஒரு பெண்மணி ஹஸ்கி நாய் ஒன்றைக் கொன்று தோலுரித்தார். ஓநாய்க்குட்டி என்று நினைத்தாராம்.

ஒரு வேட்டைக்காரனாக எனக்கு இதில் சமாதானமே கிடையாது. வேட்டைப் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித் தருவதே, இலக்கு இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் விரலை விசையில் வைக்காதே, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார் என்பதுதான். பலர் செய்கிற தவறு, துப்பாக்கியின் ஸ்கோப்பையே தொலைநோக்கியாகப் பயன்படுத்துவது. ஸ்கோப் வழியாக நீங்கள் எதைப் பார்த்தாலும், குழல் முனை அதையேதான் குறி வைத்திருக்கும். புதருக்குப் பின்னால் இருப்பது ஒரு குழந்தை என்றால்? கழுத்தில் தனியாக பைனாகுலர் தொங்க வேண்டும். அதில் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் சுடக் கூடாது. மான் தப்பித்துப் போனால் போகட்டும். நாயை வளர்த்தவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், சுட்டதற்குப் பொறுப்பு சுட்டவருடையது.

உங்கள் தரப்பில், ஹஸ்கிக்கும் வெஸ்ட் கட்டாயம்.

பொறியில் நாய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? (மினியாபொலிஸ்)

எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. காலைப் பிடிக்கும் பொறி என்றால் முதலில் உங்கள் ஜாக்கெட்டை நாயின் தலைமேல் போடுங்கள். வலியில் உங்களையே கடிக்கும். பிறகு பொறியின் இரு பக்கத்து நெம்புகோல்களையும் கால்களால் மிதித்தால் வாய் திறக்கும்.

கொனிபேர் பொறிதான் ஆபத்தானது. சதுரக் கம்பிச் சட்டம், இரு பக்கமும் வலுவான ஸ்பிரிங். மின்னசோட்டா போன்ற சில மாநிலங்களில் நிபந்தனைகளோடு தரையிலும் வைக்கலாம். நாயின் கழுத்தில் இறுகினால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். சட்டத்தை இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம், வெறும் கையால் முடியாது. லீஷை ஒரு ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களிலும் கோத்து, மறுபடி முதல் வளையத்தில் நுழைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழுங்கள். ஸ்பிரிங் நெருங்கியதும் அதிலுள்ள கொக்கியை மாட்டுங்கள். அடுத்த ஸ்பிரிங்கையும் இப்படியே. சுருக்குக் கம்பியாக இருந்தால் கம்பி வெட்டும் இடுக்கி வேண்டும், பையில் எப்போதும் இருக்கட்டும்.

பொறி வைப்பவர்களுக்கும் ஒன்று: சட்டம் அனுமதித்தாலும் நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள்.

எங்கள் நாய் மானைத் துரத்திவிட்டது. பிரச்சினை வருமா? (ஹாரிஸ்பர்க்)

வரும். பல மாநிலங்களில் அது குற்றம், அபராதம் உங்களுக்குத்தான். கூப்பிட்டால் திரும்பாத நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

இந்த ஆண்டுதான் உரிமம் எடுத்தேன். காத்திருக்கும்போது யாராவது நாயோடு வந்துவிட்டால்? (பிட்ஸ்பர்க்)

குழலைத் தரைப்பக்கம் திருப்பி, சேஃப்டியைப் போட்டு, வாய்விட்டுக் குரல் கொடுங்கள். கையசைக்க வேண்டாம், அசைவை மட்டும் பார்க்கிற இன்னொரு வேட்டைக்காரர் அருகில் இருக்கலாம். கோபப்படவும் வேண்டாம், நிலம் அவர்களுக்கும் சொந்தம்.

அப்புறம், மானைக் கிழித்தபின் குடலைப் பாதையோரம் விட்டுப் போகாதீர்கள். ஈயக் குண்டு உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும், அதைத் தின்கிற நாய்க்கும் கழுகுக்கும் விஷம். கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. உங்கள் மாநிலத்தில் தடை இல்லாவிட்டாலும் செம்புக் குண்டு வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவுதான்.