கீமோ போட்டுப் பத்து நாள், வெள்ளை அணு 2,100: எப்படிக் கூட்டுவது?

கேள்வி கல்முனையிலிருந்து: அம்மாவுக்குக் கீமோ போட்டுப் பத்து நாள். எஃப்.பி.சி.யில் (முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை) வெள்ளை அணு 2,100. பப்பாசி இலைச்சாறு குடுக்கலாமா? அடுத்த கீமோவுக்குள் கூடுமா?

பெரும்பாலும் தானாகவே கூடும். கீமோ மருந்து, இரத்த அணுக்கள் உண்டாகும் எலும்பு மச்சையில் வேகமாகப் பிரியும் கலங்களையும் சேர்த்தே அடிக்கிறது. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு இரத்தத்தில் ஒரு நாள்கூட நின்றுபிடிப்பதில்லை. இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 8 முதல் 10 நாள், சிவப்பணு 120 நாள் வரை. அதனால் முதலில் விழுவது வெள்ளை அணுதான். அநேகமான மருந்துகளுக்கு 7 முதல் 14ஆம் நாள் வரை அடிமட்டம். 21 முதல் 28ஆம் நாளுக்குள் மச்சை மீண்டுவிடும். பல கீமோக்களை மூன்று கிழமைக்கொருமுறை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பத்தாம் நாள் குறைவது எதிர்பார்த்ததே.

2,100 என்பதை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம். அதே தாளில் நியூட்ரோஃபில் வீதம் இருக்கும். 30% என்றால் 2,100 × 0.30 = 630. இந்த எண்தான் முக்கியம். 1,000க்குக் கீழே கவனம், 500க்குக் கீழே ஆபத்து. வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் வெள்ளை அணுவைச் சில நாள் கூட்டிக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த நாட்களில் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. வீட்டில் ஒரு தேர்மோமீற்றர் கட்டாயம். 38.3 பாகை ஒருமுறை காட்டினாலோ, 38 பாகை ஒரு மணி நேரம் நின்றாலோ இரவு இரண்டு மணியென்றாலும் ஆசுபத்திரிதான். சீழ் உண்டாகவே நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாதபோது சளியோ புண்ணோ வெளியே தெரியாமல், காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்றால் அந்த அடையாளமும் மறைந்துவிடும், கிருமி மறையாது. காய்ச்சல் இல்லாமலே நடுக்கம், மயக்கம், மூச்சு வாங்கல் வந்தாலும் இதே விதிதான். ஆசுபத்திரிக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் அன்ரிபயோட்டிக் ஏறவேண்டும் என்பது இலக்கு. ஆகவே பொத்துவில், வாகரைப் பக்கம் இருப்பவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வரை ஓடாமல் பக்கத்து ஆசுபத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு மாறுவது நல்லது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். மாரி மழைக்குப் பிறகு இங்கே டெங்கும் வரும், அதுவும் அணுக்களைக் குறைக்கும். “டெங்காக இருக்கும்” என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். கீமோ போட்டவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

பப்பாசி இலைச்சாறு வேண்டாம். டெங்கில் சிறுதட்டுக்காகச் சில ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். கீமோவால் குறைந்த வெள்ளை அணுவை அது கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பச்சையாகப் பிழிந்த சாற்றோடு கிருமி போவதுதான் மிச்சம். மாதுளை, பீற்றூட், ஈரல் எல்லாம் சாப்பாடு, மருந்தல்ல. மீன், முட்டை, பருப்பு நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பழத்தைக் கழுவித் தோல் நீக்குங்கள். திறந்து கிடந்த சட்டித் தயிரைத் தவிருங்கள். இதற்குமேல் பத்தியம் காத்துச் சாப்பாட்டைக் குறைத்தால் ஆள் மெலிவதுதான் நடக்கும்.

கூட்டுவதற்கென்று உள்ள மருந்து ஃபில்கிராஸ்டிம் ஊசி. கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் கணக்கு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளுக்கு 300. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழியவேண்டும். முந்திப் போட்டால், புதிதாகப் பிரியத் தொடங்கும் கலங்களையே கீமோ மருந்து அழிக்கும். முதல் ஊசிகளோடு எண்ணிக்கை எகிறும், பிறகு விழும். அந்த முதல் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. எப்போது நிறுத்துவதென்று கிளினிக் சொல்லட்டும். இடுப்பு, முதுகு எலும்பு நோவும். முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டுப் பனடோல் கொடுக்கலாம். இடது விலாவின் கீழே கடும் நோ என்றால் மண்ணீரலைப் பார்க்கவேண்டும், தாமதிக்க வேண்டாம். ஊசியை 2 முதல் 8 பாகையில் வையுங்கள். ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவரும்போது ஐஸ் நேரே படாமல் துணி சுற்றுங்கள், உறைந்தால் கெட்டுவிடும். குலுக்கவும் வேண்டாம்.

ஹீமோகுளோபின் 7, 8க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவார்கள். ஒரு பைக்குச் சுமார் 1 கூடும். இரும்புக் குறைபாடு இல்லாதவருக்கு இரும்புக் குளிசை உதவாது. சிறுதட்டு 10,000க்குக் கீழே போனால் இரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவது வழக்கம். குறைவாக இருக்கும்போது டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கூடாது. அஸ்பிரின் எடுப்பவர் டொக்டரைக் கேட்கவேண்டும். பல்லுக்கு மென்தூரிகை.

“சொந்தக்காரர் இரத்தம்தான் நல்லது” என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிரூட்டாமல் (கதிர்வீச்சால் அதிலுள்ள வெள்ளை அணுக்களைச் செயலிழக்கச் செய்யாமல்) ஏற்றினால், அதிலுள்ள வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அரிய ஆனால் உயிராபத்தான நிலை வரலாம். மகனும் மருமகனும் இரத்த வங்கிக்குப் பொதுவாகக் கொடுக்கட்டும்.