ஆங்கிலத்தில் ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்: எதை எப்போது எழுதுவது?

நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களில் பேசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டுவினை, வரும் இடமெல்லாம் மேலாளர் அடித்துத் திருத்துகிறார் என்றும், கணினியில் உள்ள இலக்கணத் திருத்தியும் அங்கெல்லாம் கோடு போடுகிறது என்றும், தவறென்றால் பள்ளியில் அதை ஏன் கற்பித்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் பதில் எழுதியே ஆக வேண்டிய வேலைக்கு வந்தவராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஆங்கில ஆசிரியை அல்ல. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனித்து வாங்குபவர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மொழியியல் படித்தவர்கள் இந்தப் பதிலில் குறை கண்டால் காணட்டும். வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, எழுதிய கடிதத்தின் பலனை அடுத்த நாளே அனுபவிக்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தது வாய்ஸ் அன்று, வாக்கியத்தைத் திருப்பிப் போடும் கணக்கு. கரும்பலகையில் சப்ஜெக்டுக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்காக இரண்டு அம்புகளைப் போட்டு, ‘ஷீ ரைட்ஸ் எ லெட்டர்’ என்பதை ‘எ லெட்டர் இஸ் ரிட்டன் பை ஹெர்’ என்று மாற்றினால் மதிப்பெண் கிடைத்தது. காலத்தை ‘பி’ வினை ஏற்றுக்கொள்ளும், முதன்மை வினை மூன்றாம் வடிவத்துக்குப் போகும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை எந்தச் சூழ்நிலையில் ஒருவர் எழுதுவார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் எங்கள் ஊர் அலுவலகங்களிலிருந்து ‘தி கன்டெய்னர் வாஸ் அரைவ்ட்’, ‘தி ப்ராப்ளம் வாஸ் ஹேப்பண்ட்’ என்று மின்னஞ்சல்கள் போகின்றன. அரைவ், ஹேப்பன், ஆக்கர் போன்ற வினைகளுக்கு ஆப்ஜெக்டே கிடையாது. முன்னால் கொண்டுவர ஒன்றுமில்லாத இடத்தில் பேசிவும் கிடையாது. இந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாலே பாதிப் பிழைகள் குறைந்திருக்கும்.

நம் பேச்சு வழக்குக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். “லோடு ஏத்தியாச்சுங்க”, “பணம் கட்டியாச்சுங்க” என்றுதான் நாம் பேசுகிறோம். யார் ஏற்றினார், யார் கட்டினார் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது தேவைப்படாது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது பேசிவ் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது குற்றமில்லை, எல்லா இடத்திலும் வந்து உட்காருவதுதான் சங்கடம்.

முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீல நிற டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில், இரண்டு லாட் (தனித்தனியாகச் சாயமிட்ட தொகுதி) துணி கலந்து தைக்கப்பட்டு, நிறத்தை ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தபோது கை ஒரு நீலமாகவும் உடல் ஒரு நீலமாகவும் தெரிந்தன. முதலாளி தாமே சொல்லச் சொல்லக் கணக்காளர் தட்டச்சு செய்த கடிதம் இப்படிப் போயிற்று: ‘ஷேட் வேரியேஷன் வாஸ் நோட்டீஸ்ட். நெசஸரி ஆக்‌ஷன் வில் பி டேக்கன்.’ இலக்கணப்படி அதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. மறுநாள் காலையில் பையரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘பை ஹூம், அண்ட் பை வென்?’ யாரால், எந்த நாளுக்குள் என்று கேட்டிருந்தார்.

அதன் பிறகுதான் கடிதம் என் மேசைக்கு வந்தது. இரண்டு லாட்டுகளும் வெவ்வேறு நாள்களில் சாயமிடப்பட்டன என்ற முதல் வாக்கியத்தைப் பேசிவிலேயே எழுதினேன், ஏனென்றால் அந்த இடத்தில் பையர் அறிய விரும்பியது துணிக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான். சாயமிட்டவர் யார் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. கைகளைப் பிரித்து, உடல் பகுதிக்குரிய அதே லாட் துணியில் வெட்டி மாற்றித் தைப்பதைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் ‘வி வில்’ என்று தொடங்கி, ஒவ்வொன்றிலும் தேதியைப் போட்டேன். முதலாளி வாசித்துவிட்டு, “ஏனுங்க அம்மிணி, ‘வி’ன்னு போட்டா நாமளே தப்புப் பண்ணுனோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதுங்களா?” என்றார். “மாத்தித் தைக்கற எடத்துல மட்டும்தானுங்க ‘வி’ வருது, சாயம் போட்ட எடத்துல யாரு பேரும் இல்லீங்க, பாருங்க” என்றேன். நாளை பணத்தைப் பிடித்தம் செய்வதாக பையரிடமிருந்து டெபிட் நோட் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால் அந்த அச்சம் நியாயமானதே, அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பையர் தள்ளுபடி கேட்காமல் விடவில்லை. ஆனால் எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்லவும் இல்லை, கூடுதல் நாள்களுக்கு ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு, பேசிவில் ‘பை’ போட்டு ஆளைச் சொல்லவே கூடாது என்று எண்ணிவிட வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டதை வைத்துப் பாருங்கள். ‘தி டையிங் யூனிட்ஸ் ஹேவ் பீன் க்ளோஸ்ட்’ என்பதோடு ஒரு கடிதம் நின்றால், வேலைநிறுத்தமா, நட்டமா என்று வாசிப்பவர் தாமாக ஊகிப்பார். ‘பை அன் ஆர்டர் ஆஃப் தி ஹை கோர்ட்’ என்று சேர்த்தால்தான் அது செய்தியாகும், ஏனென்றால் அவருக்குத் தெரியாத பகுதி அதுதான். ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தி பெரும்பாலும் கடைசியில் போய் நிற்கும். அந்த இடத்துக்கு ஆளைக் கொண்டுபோவதற்கும் பேசிவ் பயன்படுகிறது. ‘எ லெட்டர் இஸ் ரிட்டன் பை ஹெர்’ என்பது காதுக்கு ஒட்டாததற்குக் காரணமும் இதுவே: ‘ஹெர்’ ஏற்கெனவே தெரிந்த ஆள், அவளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய தேவையே இல்லை.

இலக்கணத் திருத்தி போடும் கோட்டைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது வினையின் வடிவத்தைத்தான் பார்க்கிறது, உங்கள் பையரையோ மேலாளரையோ அதற்குத் தெரியாது. ஆய்வு அறிக்கை, சோதனை முடிவு, பேக்கிங் விவரம் ஆகியவற்றில் துணியும் பெட்டியுமே பேசுபொருள் என்பதால் அங்கே பேசிவை அப்படியே விட்டுவிடுங்கள். மேலாளர் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். அவர் திருத்திய கடிதங்களில் ‘வில் பி டன்’, ‘வில் பி சென்ட்’ என்று முடியும் வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து, செய்யப்போகிறவர் யார் என்பது உங்களுக்கே தெரிந்திருந்தால், அந்தப் பெயரை முன்னால் போட்டு அனுப்புங்கள். தெரியாவிட்டால், அனுப்புவதற்கு முன் உற்பத்திப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.